சிக்கல் சண்முகசுந்தரத்தின் சுருதி

தஞ்சை தெற்கு வீதியில் ஒரு மாடி அறை. மாதத்தின் கடைசி ஞாயிறன்று மாலை ஐந்து மணிக்கு ஏழெட்டுப் பேர் அங்கே கூடுகிறோம். கல்லூரி ஆசிரியர் ஒருவர், விதைநெல் கடைக்காரர் ஒருவர், வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர், ஒரு காலத்தில் டூரிங் டாக்கீஸ்களில் படம் ஓட்டிய ஆபரேட்டர் ஒருவர் என்று கலவையான கூட்டம். பேச்சு பாதி, படம் பாதி. யாரோ வைத்திருந்து விற்ற புரொஜெக்டர், ஒரு மடிக்கணினி, இரண்டு ஒலிபெருக்கிகள் ஆகியவைதாம் சங்கத்தின் சொத்து.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழியில் 'தில்லானா மோகனாம்பாள்' போட்டோம். கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதையை ஏ.பி. நாகராஜன் 1968-இல் படமாக்கினார். நாயகனுக்குச் சிக்கல், நாயகிக்குத் திருவாரூர். இரண்டும் எங்களுக்குப் பேருந்து தூரம். அதனால் இந்தப் படத்தை எங்கள் ஊர்க்காரர்கள் சற்றே உரிமையுடன்தான் பார்ப்பார்கள். அன்று அந்த உரிமை இன்னும் கூடுதலாக உள்ள ஒருவரை அழைத்திருந்தோம். கும்பகோணத்திற்கும் திருவாரூருக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரைச் சேர்ந்த நாகசுர வித்துவான். எண்பதைத் தொட்டவர். பல் விழுந்து, வாசிப்பை விட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

முதல் கச்சேரிக் காட்சி தொடங்கிய சிறிது நேரத்திலேயே அவர் கண்ணை மூடிக்கொண்டார். ரசிக்கிறார் என்று நினைத்தோம். இடைவேளையில் காபியைக் கையில் கொடுத்து, "எப்படி ஐயா இருக்கு?" என்றோம்.

"படத்துக்கென்ன தம்பி, நல்லாத்தான் இருக்கு. சுருதிதான் ஏறிக் கெடக்கு. வெரலும் திக்குது."

கொஞ்சம் பொறுத்து அவரே சொன்னார். "படத்தச் சொல்லிக் குத்தமில்ல. எங்காது போயிடுச்சு. டிவியில போட்டாலும் எனக்கு இப்பிடித்தான் கேக்குது. ரொம்ப வருசமா."

அந்தப் படம் வந்த புதிதில் கும்பகோணத்தில் பத்துத் தடவை பார்த்தாராம். மதுரைச் சகோதரர்கள் எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி வாசித்ததை மனத்தில் வாங்கிக்கொண்டு வந்து, வீட்டில் தம் நாயனத்தில் அந்தச் சுருதியைத் தேடித் தேடி ஊதிப் பார்த்தவர். அந்தச் சுருதி உடம்பில் ஊறிவிட்டது. பிற்காலத்தில் தொலைக்காட்சியில் கேட்டபோது அது அங்கே நிற்கவில்லை. மேலே ஏறி, அடுத்த சுருதிக்கும் போகாமல் நடுவில் எங்கோ நின்றது. வயதானால் சிலருக்குக் காது சுருதியை ஏற்றிக் காட்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அப்படி நேர்வதும் உண்டுதான். பெரியவர் தம்மைத் தாமே விசாரித்துத் தீர்ப்பும் எழுதிவிட்டார். வீட்டுக்கு வந்து கற்றுக்கொண்டிருந்த பிள்ளைகளை அனுப்பிவிட்டார். பேரனுக்குக்கூடச் சொல்லிக்கொடுப்பதில்லை. "சுருதி தெரியாதவன் சொல்லிக் குடுக்கப்படாது" என்றார், காபி டம்ளரைக் கீழே வைத்தபடி.

படம் முடிந்து அவரைப் பேருந்தில் ஏற்றிவிட்டு வந்த பிறகும் நாங்கள் கலையவில்லை. 'விரல் திக்குது' என்றாரே, அது எங்களைப் பிடித்துக்கொண்டது. சுருதி காதின் பழுதாகவே இருக்கட்டும், விரல் திக்குவது கண்ணால் காண்பதல்லவா? மீண்டும் படத்தை ஓடவிட்டு, நாகசுரத்தின் துளைகளில் சிவாஜியின் விரல்கள் விழும் நெருக்கக் காட்சியை உற்றுப் பார்த்தோம். உண்மைதான். விரல் சீராக இறங்காமல், நொடிக்குள் நொடியாக எங்கோ தயங்கித் தயங்கி விழுந்தது. பத்மினி அரங்கின் குறுக்கே போகையில் அந்தத் தடுமாற்றம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. இத்தனை மாதங்களாக இதே கருவிகளில் பார்த்தும் எங்களில் ஒருவருக்கும் தென்படாதது, காது போய்விட்டதாகச் சொன்னவருக்குத் தென்பட்டிருக்கிறது.

காரணத்தை முதலில் எடுத்துக்கொடுத்தவர் ஆபரேட்டர் நண்பர். பேசும் படம் வினாடிக்கு 24 படங்கள் என்ற கணக்கில் ஓடுவது. ஊமைப்பட நாளில் கையால் சுற்றினார்கள், 16 ஆனாலும் 20 ஆனாலும் யாரும் கேட்பாரில்லை. ஒலி வந்து படச்சுருளின் ஓரத்தில் குடியேறிய பிறகு வேகம் பிசகினால் குரல் பிசகும் என்றாயிற்று. ஆகவே 1920-களின் இறுதியில் 24 நிலைபெற்றது. நம்முடைய 'காளிதாஸ்' 1931-இல் வந்தபோது அந்தக் கணக்கு ஏற்கெனவே தயாராக இருந்தது. வினாடிக்கு 24 தடவை வெளிச்சம் அணைந்து எரிந்தால் கண் கூசும். ஆகவே புரொஜெக்டரின் முன்னே இரண்டு இதழுள்ள தகடு சுழன்று ஒவ்வொரு படத்தையும் இரண்டு தடவை காட்டும். 48 மின்னல்கள். மூன்று இதழ் என்றால் 72. "எத்தனை தடவை காட்டினாலும் எல்லாப் படத்துக்கும் ஒரே கணக்கு. ஒரு படத்துக்கு ரெண்டு, அடுத்ததுக்கு மூணுன்னு பந்தியில ஓரவஞ்சனை கிடையாது" என்றார் நண்பர்.

எங்கள் அறையில் நடந்தது அந்த ஓரவஞ்சனைதான்.

தொலைக்காட்சி வந்தபோது அது மின்சாரத்தின் துடிப்போடு ஒத்துப்போக வேண்டியிருந்தது. ஒத்துப்போகாவிட்டால் படத்தில் பட்டை பட்டையாக அலை ஓடும். நம் மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. வயலில் இருக்கும் பம்ப்செட் மோட்டாரின் தகட்டைத் துடைத்துப் பார்த்தாலும் அந்த 50 தெரியும். அதனால் நம் தொலைக்காட்சி வினாடிக்கு 25 படங்கள் என்று அமைந்தது. 24-இல் எடுத்த சினிமாவை 25-இல் எப்படிக் காட்டுவது? 50 சுற்று மின்சாரம் உள்ள நாடுகள் ஒரு சோம்பேறி வழியைக் கண்டுபிடித்தன. படத்தைச் சற்றே வேகமாக ஓட்டிவிடுவது. மூன்று மணி நேரப் படம் 7 நிமிடம் சுருங்கும். நடப்பவர் கொஞ்சம் விரைந்து நடப்பார், அழுபவர் கொஞ்சம் விரைந்து அழுவார். யார் கவனிக்கப் போகிறார்கள்?

ஆனால் ஒலியும் கூடவே விரையும். வேகம் 24-க்கு 25 என்றால் சுருதியும் 24-க்கு 25 என்று ஏறும். அரைக் கட்டையில் ஏறத்தாழ முக்கால் பங்கு. எங்களில் சங்கீதம் படித்த ஒருவர் இந்த எண்ணைப் பார்த்ததும் துள்ளினார். இருபத்திரண்டு சுருதிக் கணக்கில் நியூன சுருதி என்று ஓர் இடைவெளி உண்டு. அதன் விகிதம் சரியாக 25-க்கு 24. தொலைக்காட்சிப் பொறியாளர்கள் தமக்கே தெரியாமல் ஒரு நியூன சுருதியைக் கூட்டியிருக்கிறார்கள்! இருபத்திரண்டு தவறு, ஸ்தாயியைச் சமமாகப் பிரித்தால் சுருதிகள் இருபத்துநான்குதான் என்று இதே தஞ்சையிலிருந்து வாதிட்டவர் ஆபிரகாம் பண்டிதர். 1917-இல் வெளிவந்த 'கருணாமிர்த சாகரம்' அந்த வழக்கின் பெருநூல். அவர் கணக்குப்படி இது ஒன்றரைச் சுருதிக்குச் சற்றுக் குறைவு. இருபத்துநான்கு என்ற எண்ணுக்காக அவ்வளவு போராடியவரின் ஊரில் அதே எண்ணைத் தொலைத்துவிட்டு நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.

இன்னொன்றும் தோன்றியது. மாயவரத்தில் பிறந்த தியாகராஜ பாகவதரை எங்கள் தலைமுறை அறிந்தது தொலைக்காட்சியில்தான். 1944-இல் வந்த 'ஹரிதாஸ்' முதலான படங்களில் அவர் பாடியதைக் கேட்டு, எத்தனை உச்சத்தில் பாடுகிறார் மனிதர் என்று வியந்திருக்கிறோம். அந்த வியப்பில் ஒரு பங்கு அவரைச் சேராது. அவருக்கு அது தேவையுமில்லை.

எங்களிடம் இருந்த டிவிடியும் 25 கணக்கில் பதிவானது. வெளியிட்டவர் பெயர் இங்கே வேண்டாம். அக்காலத்தில் பலரும் அப்படித்தான் செய்தார்கள். அந்த 25-ஐ எங்கள் புரொஜெக்டர் வாங்கிக் காட்டியது வினாடிக்கு 60 தடவை. கணினித் திரைகளுக்கு 60 என்பது அமெரிக்க மின்சாரத்தின் வழியில் வந்த பழக்கம். 25 படங்களை 60 தடவைக்குள் பங்கிட்டால் சில படங்களுக்கு இரண்டு பங்கு, சிலவற்றுக்கு மூன்று. இரண்டு, இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று என்று நொண்டி நொண்டிப் போகும். ஆக, நோய்கள் இரண்டு. காதில் சுருதிப் பிழை, கண்ணில் லயப் பிழை. பெரியவர் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். முதலாவதற்குத் தம் காதைக் குற்றவாளியாக்கியதுதான் கொடுமை.

அடுத்த மாதம் அவரை மீண்டும் வரவழைத்தோம். இம்முறை கணினியின் காட்சி அமைப்பில் புகுந்து புதுப்பிப்பு வீதத்தை 60-இலிருந்து 50-க்கு மாற்றி வைத்திருந்தோம். 25-க்கு 50 என்றால் ஒவ்வொரு படத்துக்கும் கச்சிதமாக இரண்டு பங்கு. விரல் வழுக்கிக்கொண்டு இறங்கியது. பெரியவர் பார்த்தார். "வெரல் சரியாப் போச்சு. சுருதி ஏறித்தான் இருக்கு" என்றார். அது எங்களுக்கும் தெரியும். அடுத்த அம்பை எடுத்தோம். படத்தின் வேகத்தை 100-க்கு 96 ஆகக் குறைத்தோம். 25-இல் 96 பங்கு சரியாக 24.

அவர் தலையை ஆட்டினார். "காலம் எறங்குது. சுருதி எறங்கல."

இது எங்களுக்கு விளங்கவில்லை. வேகம் குறைந்தால் சுருதி குறையாமல் எங்கே போகும்? இரவு வெகுநேரம் தேடிய பிறகுதான் தெரிந்தது. இன்றைய பிளேயர் மென்பொருள்கள் பயனருக்கு உதவி செய்கின்றன! விரைவாக ஓட்டினால் குரல் கீச்சிடக் கூடாது, மெதுவாக ஓட்டினால் கரகரக்கக் கூடாது என்று, வேகத்தை எவ்வளவு மாற்றினாலும் சுருதியைப் பழைய இடத்திலேயே கட்டி வைக்கும் ஓர் ஏற்பாடு அவற்றில் இயல்பாகவே இயங்குகிறது. விஎல்சியிலும் உண்டு, எம்பிவியிலும் உண்டு. அதை அணைக்க வேண்டும். பெரியவரின் காது அந்த ஏற்பாட்டைக் கையும் களவுமாகப் பிடித்திருந்தது. எங்கள் மனத்தில் அவருடைய வழக்கு அன்றிரவே ஜெயித்துவிட்டது. ஆனால் அவருக்கு அது தெரிய வேண்டுமே.

மாசியில், சம்பா அறுவடை முடிந்து களம் காலியாக இருந்த நாளில், சங்கத்தின் சொத்துகள் அனைத்தையும் ஒரு காரில் ஏற்றிக்கொண்டு அவர் ஊருக்கே போனோம். கூடத்துச் சுவரில் எட்டு முழ வேட்டியைக் கட்டினோம். ஒரு மூலையில் உறை போட்டுச் சாத்தியிருந்தது அவருடைய நாயனம். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்தது. 2022-இல் புவிசார் குறியீடு பெற்றதே, அதே ஊர் வேலைப்பாடு. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை பரவலாக்கிய நீளமான பாரி நாயனம். அதற்கு முன் வழக்கிலிருந்த திமிரி குட்டையானது, சுருதி மேலே நிற்கும். கச்சேரியில் வாய்ப்பாட்டுக்கு நிகராக உட்காரும்படி சுருதியை இறக்கியது பாரி. அதாவது, சுருதியைச் சற்று இறக்குவது எவ்வளவு பெரிய காரியம் என்பதை எங்கள் பகுதிக்குத் தனியாக யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

வேகத்தை 96 ஆக்கினோம். சுருதிக் காப்பை அணைத்தோம். முதலில் திரை 60-இலேயே இருந்தது. 24-ஐ 60-இல் பங்கிட்டால் ஒரு படத்துக்கு இரண்டு, அடுத்ததற்கு மூன்று, மீண்டும் இரண்டு, மூன்று. ஒரு படம் ஒரு வினாடியின் முப்பதில் ஒரு பங்கு நிற்கும், அடுத்தது இருபதில் ஒரு பங்கு நிற்கும். இதைப் பெரியவரிடம் விளக்கியபோது அவர் தொடையில் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ரெண்டும் மூணும் அஞ்சு. கண்டசாபு! ஆடுறவளுக்கு ஒரு தாளம், வெளக்குக்கு ஒரு தாளமா தம்பி?"

விளக்கின் தாளத்தை மாற்றப் போனோம். புரொஜெக்டர் ஏற்கும் வீதங்களின் பட்டியலில் 23, 24, 50, 59, 60 என்று இருந்தன. 23 என்பதை எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று அதையும் தொட்டுப் பார்த்தோம். அது உண்மையில் 23 அன்று, 23.976. 1953-இல் அமெரிக்கர்கள் வண்ணத் தொலைக்காட்சிக்காகத் தங்கள் 30 என்ற எண்ணில் ஆயிரத்தில் ஒரு பங்கைக் கழித்தார்கள். அந்தக் கழிவு இன்றுவரை எல்லாப் பெட்டிகளிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 59 என்று காட்டுவதும் அப்படியே 59.94தான். கணினி பின்னத்தை வெட்டிவிட்டுக் காட்டுகிறது. சரியாக 24-இல் ஓடும் படத்தை 23.976-இல் காட்டினால் ஏறத்தாழ 42 வினாடிக்கு ஒரு படம் தொண்டையில் சிக்கி விழுங்கப்படும். ஆபரேட்டர் நண்பர் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு, "இதோ... இதோ இப்ப" என்று அந்த விக்கலைச் சுட்டிக் காட்டியது தனி வேடிக்கை. அவருக்கும் எழுபத்தைந்து வயது. இந்தக் கிழவர்கள் கூட்டணியை நினைத்து நாங்கள் கொஞ்சம் வெட்கினோம்.

24-ஐத் தேர்ந்தோம்.

வாசகர்களுள் சிலர் இதை வீட்டில் செய்து பார்க்க விரும்பலாம். முதலில் கோப்பின் வீதம் என்ன என்று பாருங்கள். பிளேயரின் தகவல் பகுதியிலேயே இருக்கும். 23.976, 24, 25 ஆகியவற்றில் ஒன்றாக இருக்கக்கூடும். 25 என்றிருந்தால் அது விரைவாக்கப்பட்டதா என்பதைக் கண்டுபிடிக்க, நம் படங்களுக்கே உரிய ஒரு வழி உண்டு. படத்தின் தொடக்கத்தில் தணிக்கைச் சான்றிதழ் வருமே, அதில் நீளம் மீட்டரில் இருக்கும். 35 மில்லிமீட்டர் படச்சுருள் நிமிடத்திற்கு 90 அடி, அதாவது 27.43 மீட்டர் ஓடும். சான்றிதழில் 4,800 மீட்டர் என்றிருந்தால் படம் 175 நிமிடம் ஓட வேண்டும். உங்கள் வட்டு 168 நிமிடத்தில் முடிந்தால், வெட்டு ஏதும் இல்லையென்றால், சுருதி ஏறியிருக்கிறது. பிறகு திரையின் வீதத்தைப் படத்தின் வீதத்திற்கோ அதன் முழு மடங்கிற்கோ வையுங்கள். 120 ஹெர்ட்ஸ் திரை உள்ளவர்கள் பாக்கியவான்கள். 24 அதில் ஐந்து முறை அடங்கும், 30 நான்கு முறை, 60 இரண்டு முறை. 25 மட்டும் அங்கும் அடங்காது. கோடி போன்ற மென்பொருள்களில் படத்திற்கேற்பத் திரையின் வீதத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. அதை இயக்கிவிட்டு மறந்துவிடலாம்.

புதிய தொலைக்காட்சிகள் இன்னொரு தொல்லையைச் செய்கின்றன. இரண்டு படங்களுக்கு நடுவே இல்லாத படங்களைத் தாமே வரைந்து சொருகிவிடுகின்றன. சினிமா மெகா சீரியல் போல வழுவழுவென்று ஓடும். இதை அணைத்து வையுங்கள் என்று நடிகர் டாம் குரூஸ் 2018-இல் தனியாக ஒரு காணொளியே வெளியிட்டார். எங்கள் வங்கி நண்பர் வீட்டுப் பெட்டியிலும் இது இருந்தது, அவருக்கு அதில் பெருமையும் இருந்தது. யாரும் பாடாத கமகம் அது என்று சொல்லி ஒருவழியாக அணைக்க வைத்தோம்.

கூடத்துக்கு வருவோம். பேரன் கல்லூரியில் படிப்பவன். பிறரிடம் கற்றுக்கொண்டு ஓரளவு வாசிப்பான். தாத்தாவின் நாயனத்தை உறையிலிருந்து எடுத்தான். காவிரிக்கரைக் கொறுக்கையில் செய்த சீவாளியை வாயில் வைத்து நனைத்துக்கொண்டான். முதலில் பழையபடி 25-இல் படத்தை ஓடவிட்டு அவனைச் சட்ஜம் பிடிக்கச் சொன்னோம். படம் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். கூடத்தில் இருந்த எல்லோருக்குமே காது கூசியது. நிறுத்திவிட்டு 24-இல் ஓடவிட்டோம். வேட்டித் திரையில் சிக்கல் சண்முகசுந்தரம் நாகசுரத்தை உயர்த்தினார். பேரன் மீண்டும் சட்ஜத்தைப் பிடித்தான்.

பெரியவர் கண்ணை மூடவில்லை. திரையில் விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"அப்ப டிவிதான் இத்தன வருசமும் ஏத்தி ஊதியிருக்கு" என்றார். பிறகு பேரன் பக்கம் திரும்பினார். குரலில் வேறு ஒரு கடுமை ஏறியிருந்தது. "நீ என்னடா ஒரு நூல் எறங்கி நிக்கிற? சீவாளிய நல்லா அழுத்தி வையி. ம்... ஊது."